சூசையப்பர் சாப்பிட வந்த நாள்

நேர்ச்சை என்பது ஒருதலைப் பத்திரம். எழுதிக் கொடுப்பவர் மட்டும் வந்து கையெழுத்துப் போடுகிறார். எழுதி வாங்குபவர் அலுவலகப் பக்கமே வருவதில்லை. சார்பதிவாளராகப் பல ஊர்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கிரயம், தானம், விடுதலை, குத்தகை என்று எத்தனையோ வகைப் பத்திரங்கள் என் மேஜைக்கு வந்து போயிருக்கின்றன. ‘உன் பங்கைச் செய்யத் தவறினால் உன் பிள்ளையைத் திருப்பி எடுத்துக்கொள்வேன்’ என்றொரு ஷரத்தை மட்டும் நான் எதிலும் பார்த்ததில்லை. என் அம்மா சூசையப்பரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அது இருந்தது. சூசையப்பர் அப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை. அம்மாவே பயத்தில் சேர்த்துக்கொண்டது.

அப்போது நாங்கள் செண்பகனூரில் இருந்தோம். பஸ் போகும் சாலைக்கு மேலே, சரிவில், தகரக் கூரை போட்ட வாடகை வீடு. சாலையிலிருந்து கல்படி ஏறித்தான் வர வேண்டும். அந்த வீடு இப்போது ஹோம் ஸ்டே ஆகிவிட்டது. எங்கள் அடுப்படி இருந்த இடத்தில் நின்று பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் என்று கேள்வி. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். தெருவே அவரை ‘சார்’ என்றுதான் சொல்லும். கோவிலில் வாசகம் வாசிப்பதும், திருநாள் கமிட்டியில் எழுந்து நின்று ‘அது முறையல்ல’ என்று சொல்வதும் அவர்தான். முறை என்ற சொல்லை நான் என் துறையில் கற்கவில்லை. எங்கள் வீட்டிலேயே கற்றுக்கொண்டு போனேன்.

எனக்கு எட்டு வயது இருக்கலாம். கிறிஸ்துமஸ் முடிந்து குடிலைப் பிரிப்பதற்குள் என் தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. டைபாய்டு என்றார்கள். அவள் அப்போதுதான் வாக்கியமாகப் பேசத் தொடங்கியிருந்தாள், பேச்சு நின்றுபோயிற்று. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒருநாள் மருந்துப் பேச்சை விட்டுவிட்டு, “நல்லா ஜெபம் பண்ணுங்க” என்றார். டாக்டர்கள் ஜெபத்தைப் பரிந்துரைத்தால் அதற்கு என்ன பொருள் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முழந்தாளிட்டு, பிள்ளை பிழைத்தால் சூசையப்பர் திருநாளன்று மூவருக்கு விருந்து வைப்பதாக நேர்ந்துகொண்டாள். தங்கை பிழைத்தாள்.

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் இந்த விருந்து உண்டு. வயதான ஓர் ஆண், ஒரு பெண், ஒரு குழந்தை என்று ஏழைகள் மூன்று பேரை அழைத்துவந்து, சூசையப்பர், மாதா, பாலன் இயேசு என்ற திருக்குடும்பமாகப் பாவித்து உட்காரவைத்துச் சோறு போடுவார்கள். பாவித்து என்று நான் இப்போது எழுதுகிறேன். அம்மாவுக்கு அது பாவனை அல்ல. இலை போட்டதிலிருந்து எடுக்கும்வரை வந்தவர்கள் அவர்களேதான். ஆகவே அவர்களுடைய பேரோ ஊரோ கேட்கக் கூடாது. வாசலில் வைத்து வீட்டுக்காரர் கால் கழுவிவிட வேண்டும். அவர்கள் கை கழுவும்வரை வீட்டாரும் கூட இருப்பவர்களும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருக்க வேண்டும். வந்துவிட்டவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. அனுப்பினால் நேர்ச்சை முறிந்துபோகும். இன்னொன்று: சொந்தக்காரர்களாக இருக்கக் கூடாது. இதற்கு அப்பா எனக்கு விளக்கம் சொன்னார். “சொந்தக்காரனுக்குச் சோறு போடுறது கடமை. அதக் கணக்குக் காட்டி சாமிகிட்ட பேரு வாங்கக் கூடாது.” கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. இந்த விதியை ஏற்படுத்திய புண்ணியவான் எங்கள் குடும்பத்தை அறிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏனென்றால் அப்பாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். அப்படி ஒருவர் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. வீட்டில் அவர் பேச்சே எழாது. இங்கே நான் எழுதப்போவதில் பாதி, பின்னால் அம்மா துண்டு துண்டாகச் சொன்னது.

தகப்பன் இல்லாத வீட்டில் அந்த அண்ணன்தான் தம்பியைப் படிக்கவைத்தவர். சீகை மரம் வெட்டும் கூப்பில் வேலை, யூகலிப்டஸ் எண்ணெய் காய்ச்சும் கொட்டகையில் வேலை, பூண்டு மூட்டை ஏற்றும் லாரியில் வேலை. தம்பி வாத்தியாராகி வெள்ளைச் சட்டை போட்டபோது அண்ணனுக்குக் குடிப்பழக்கம் முற்றியிருந்தது. கீழே பாச்சலூர்ப் பக்கம் காபித் தோட்டத்தில் காவலுக்குப் போய்விட்டார். அவர்களுடைய தாய் இறந்த அன்று தகவல் தாமதமாகப் போய்ச் சேர்ந்து, அவர் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தபோது பெட்டியை இறக்குகிற நேரம். நிதானத்தில் இல்லை. வந்தவர் அழுதுகொண்டே குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டார். “எங்கம்மாவ நான் கீழ இருந்து புடிச்சுக்கிடுறேன், நீங்க எறக்குங்க” என்றாராம். பங்குச் சாமியார் புத்தகத்தை மூடிவிட்டுக் காத்திருந்தார். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நாலு பேர் இறங்கி அவரைத் தூக்கி வெளியே போட வேண்டியதாயிற்று. அடக்கம் முடிந்ததும் அப்பா கல்லறைச் சிலுவையில் கை வைத்து, இனி இவன் என் வாசலை மிதிக்கக் கூடாது என்று சத்தியம் செய்தார். அப்பா செய்த சத்தியம் அப்பாவின் கையெழுத்தைப் போன்றது. அடித்தல் திருத்தல் இருக்காது.

மார்ச் பத்தொன்பது வந்தது. காலைப் பூசை முடிந்து, அம்மா மடிப்புக் கலையாத சேலையோடு அடுப்படியில் நின்றாள். பட்டாணி போட்ட குழம்பு, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, அப்பளம், சேமியா பாயாசம். தங்கை கம்பளிக்குள் சுருட்டப்பட்டுக் கட்டிலில் கிடந்தாள். மொட்டை போட்ட தலையில் கம்பளிக் குல்லா. எனக்கு ஒரு பதவி கொடுத்திருந்தார்கள்: அப்பா கால் கழுவியதும் துடைக்கத் துண்டு நீட்ட வேண்டியது. பசியில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பரலோகத்திலிருந்து வருகிறவர்கள் கொஞ்சம் வெரசாக வரக் கூடாதா என்றிருந்தது.

ஆட்களைப் பிடித்துவரும் பொறுப்பு உபதேசியாருடையது. பூசைக்கு உதவியும் சிறுவர்களுக்கு மறைக்கல்வியுமாகக் கோவிலில் வேலை பார்த்த அவர் மாற்றலாகி வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. சமவெளிக்காரர், எங்கள் குளிரும் தெரியாது, எங்கள் குடும்பங்களும் தெரியாது. படியேறும்போதே குரல் கொடுத்தார்.

“சார், மூணு பேரும் ரெடி சார்! மாதாவும் பாலனும் ரோட்டு வேலை நடக்குற எடத்துல கெடைச்சாங்க. சூசையப்பருக்குத்தான் அலைஞ்சிட்டேன். கடைசியில நம்ம கீழ் டீக்கடையில உக்காந்திருந்தாரு. மூணு நாளா அங்கயேதான் கெடக்காராம்.”

முன்னால் வந்தவள் இளம்பெண். சிலோனிலிருந்து திரும்பிவந்த குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவள். சாலையில் ஜல்லி கொட்டுகிற வேலை. கையைப் பிடித்துக்கொண்டு மூக்கொழுக ஒரு சிறுவன். அவர்களுக்குப் பின்னால், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முழங்கை கிழிந்த ஸ்வெட்டரோடு ஒருவர் மூச்சு வாங்க ஏறிவந்தார். தாடி நரைத்திருந்தது. அப்பாவைவிடச் சில வயதுதான் மூத்தவர் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். உபதேசியார் ‘தாத்தா’ என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் படியில் நிமிர்ந்து பார்த்தவர், வாசலில் செம்போடு நின்ற என் அப்பாவைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

அவர்தான் அந்த அண்ணன். என் பெரியப்பா.

“நான் போறேன் தம்பி. எனக்குப் பசியில்ல” என்றார் உபதேசியாரிடம்.

“அட, என்ன தாத்தா! இம்புட்டுத் தூரம் ஏறி வந்துட்டு” என்று உபதேசியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இவர் வேண்டாம்” என்றார் அப்பா.

உபதேசியாருக்கு முகம் வாடிவிட்டது. “ஏன் சார்? குடிச்சிருக்காரோன்னு பாக்குறீங்களா? இல்ல சார். நான் கிட்டப் போயி மோந்து பாத்துட்டேன்.”

அம்மா வாசலுக்கு வந்தாள். ஒரு கணம்தான் பார்த்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, “ஒரு நிமிசம் உள்ள வாங்க” என்று அப்பாவை அடுப்படிக் கதவுக்குப் பின்னால் அழைத்துப் போனாள். துண்டோடு நின்ற என்னை யாரும் பொருட்படுத்தவில்லை.

“வந்தவுகளத் திருப்பி அனுப்புனா நேர்ச்சை என்னாகும்? பிள்ளைய நெனச்சுப் பாருங்க.”

“சிலுவையத் தொட்டுச் சொல்லியிருக்கேன். அவன் என் வாசல மிதிக்கக் கூடாது.”

“எவன்? எனக்கு யாரையும் தெரியாது. சூசையப்பரு வந்திருக்காரு, அம்புட்டுத்தான்.”

அப்பா செம்பைத் தரையில் வைத்தார். பிறகு மிக மெதுவாகச் சொன்னார். “அப்ப நீயும் வாயத் தொறக்கக் கூடாது. நீ ஒரு தடவ அத்தான்னு கூப்பிட்டாலும் அவன் சொந்தக்காரன் ஆயிருவான். சொந்தக்காரன்னா நேர்ச்சை செல்லாது.”

“தொறக்கல.”

பின்னாளில் பெரிய பெரிய வக்கீல்கள் ஓட்டையில்லாமல் எழுதிக்கொண்டுவந்த பத்திரங்களைப் படித்திருக்கிறேன். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று என் தாய் தகப்பன் அந்த இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்ட ஏற்பாட்டுக்கு அவை ஈடாகாது. அவர் அண்ணன் என்றால் சத்தியத்தால் உள்ளே வர முடியாது. சொந்தம் என்பதால் நேர்ச்சையும் கெடும். சூசையப்பர் என்றால் இரண்டுமே காப்பாற்றப்படும். ஆகவே அவர் சூசையப்பர். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: யாரோ ஒருவன் வரக் கூடாதாம், நல்லவேளையாக வந்திருப்பது சூசையப்பர்.

கால் கழுவுதல் பாலனிலிருந்து ஆரம்பித்தது. செம்புத் தண்ணீர் பட்டதும் பையன் துள்ளினான்.

“யம்மா, குளிருது!”

“சும்மா இருடா. சாமி காலக் கழுவுறாங்கல்ல.”

“யாரு சாமி?”

“இன்னிக்கு நீதான்டா. வாயப் பொத்திக்கிட்டு நில்லு” என்றாள் அவன் தாய். உபதேசியார் வாய்விட்டுச் சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. கழுவினார், என் கையிலிருந்து துண்டை வாங்கித் துடைத்தார், குனிந்து உதட்டால் தொட்டார், நிமிர்ந்தார். அடுத்து அந்தப் பெண். கடைசியாக அவர். மூன்று பேருக்கும் ஒரே அளவு தண்ணீர். நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சகதி கரைந்து ஓடியதும் கால் துலங்கியது. எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் எனக்கும் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வாள். இந்தக் காலிலும் அப்படியே இருந்தது.

“அப்பா! சூசையப்பருக்கும் நம்ம காலு!” என்று கத்திவிட்டேன்.

அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். “ஆமாங்க. அய்யாவோட காலும் தாத்தாவோட காலும் அச்சுல வார்த்த மாதிரியில்ல இருக்கு!”

அப்பா குனிந்து உதட்டால் தொட்டார், நிமிர்ந்தார். மற்ற இருவருக்கும் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்தான்.

மூன்று இலைகள் போட்டு உட்காரவைத்தோம். பாலன் இயேசு மூன்று அப்பளங்களை நொறுக்கிவிட்டு நாலாவதற்குக் கை நீட்டினான். நான் எண்ணி வைத்திருந்த அப்பளங்கள் அவை. மாதா நன்றாகப் பேசினாள். “அங்க தேயிலத் தோட்டத்து லயத்துல இருக்கையில திருநாளுக்கு இப்பிடித்தான் பட்டாணி போடுவாங்க எங்கம்மா. நாங்க பெருமாளக் கும்பிடுறவங்க. ஆனா தொரை வீட்டுக் கோயில்லயும் சோறு குடுத்தா போயிருவோம். சாமி எல்லாம் சோத்துக்குள்ளதானுங்க இருக்கு.” உபதேசியார் இதை மறுப்பதா ஒப்புக்கொள்வதா என்று தெரியாமல் தண்ணீர் குடிக்கப் போய், குடிக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்து டம்ளரைக் கீழே வைத்தார்.

பெரியப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிட முடியவில்லை, இரண்டு வாய்க்கு ஒருமுறை இருமல் வந்தது. அம்மா குழம்பு வாளியோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

“இன்னுங் கொஞ்சம் போட்டுக்கிடுங்க… அ…”

அதற்கு மேல் வரவில்லை. அப்பா சுவரோரம் நின்று அம்மாவையே பார்த்தார். பெரியப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துவிட்டு, “போதும்மா. வயிறு நெறஞ்சிருச்சு” என்றார். இலையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

சாப்பாடு ஆனதும் ஆசீர்வாதம். வந்தவர்கள் வீட்டாரின் நெற்றியில் சிலுவை அடையாளம் போட வேண்டும், வீட்டார் முழந்தாளிட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். யாருக்காக நேர்ந்ததோ அந்தப் பிள்ளைக்கு முதலில். அம்மா தங்கையைக் கம்பளியோடு தூக்கிவந்து பெரியப்பாவின் முன்னால் நீட்டினாள்.

“எனக்கு அந்தத் தகுதி இல்லம்மா” என்றார் அவர். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“தாத்தா, தகுதி உங்களுக்கு இல்ல, சூசையப்பருக்கு. நீங்க சும்மா கைய வைங்க” என்றார் உபதேசியார்.

அவர் தங்கையின் குல்லாவை மெதுவாக விலக்கினார். “இப்பத் தேவலையா பிள்ளைக்கு?”

“தேவல.”

“பேரு என்ன?”

வந்தவர்களின் பேரை நாம் கேட்கக் கூடாதே தவிர, அவர்கள் நம் பேரைக் கேட்கலாமா கூடாதா என்பதற்கு விதி இருக்கவில்லை. அம்மா சொன்னாள். தங்கைக்கு அந்த அண்ணன் தம்பியின் தாயுடைய பெயரைத்தான் வைத்திருந்தார்கள். பெரியப்பா தங்கையின் நெற்றியில் கையை வைத்தவர் சிலுவை போட மறந்து, அப்படியே வைத்திருந்தார். தங்கை அந்தத் தாடியைப் பிடித்து இழுத்தாள். நோயிலிருந்து எழுந்த பிறகு அவள் ஒரு மனிதரைத் தொட்டு விளையாடியது அன்றுதான் என்று அம்மா பிறகு சொல்வாள்.

எனக்கு ஒரு சிலுவை. அம்மாவுக்கு ஒன்று. கடைசியில் அப்பா முழந்தாளிட்டார். மேலதிகாரி வந்தால்கூட அளவாகக் கும்பிடுகிற அப்பா, அந்தக் கிழிந்த ஸ்வெட்டர்க்காரர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பெரியப்பா நெற்றியைத் தொடவில்லை. உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து, முடியைக் கலைத்துவிடுவதுபோல ஒருமுறை அழுத்தினார்.

“ஏலே… நல்லாயிருலே” என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஊரே ‘சார்’ என்று கூப்பிடுகிற என் அப்பாவை ஒருவர் ‘ஏலே’ என்கிறார்! சூசையப்பருக்கு யாரும் மரியாதை சொல்லித்தரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்பா ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். அவர் முழந்தாளிலிருந்து எழ அதிக நேரம் எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அம்மா தட்டில் வைத்து வேட்டி, சேலை, பையனுக்குச் சட்டை எல்லாம் கொடுத்தாள். “அடுத்த வருசமும் வாறோமுங்க” என்றாள் அந்தப் பெண். “ஒரே மாதா ரெண்டு தடவ வரக் கூடாதும்மா” என்று உபதேசியார் அவர்களை அழைத்துக்கொண்டு முன்னால் இறங்கிவிட்டார். பெரியப்பா வேட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்.

அம்மா அப்பாவிடம் ஓடினாள்.

“நேர்ச்சை முடிஞ்சிருச்சு. இனிக் கூப்பிடலாம். படி எறங்குறதுக்குள்ள கூப்பிடுங்க.”

அப்பா ஜன்னலருகே நின்றார்.

“பிள்ளைக்கு முடியலேன்னு கேள்விப்பட்டுத்தான் வந்திருக்காரு. மேல வர தைரியம் இல்லாம மூணு நாளா டீக்கடையில உக்காந்து நம்ம வீட்டையே பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. அந்த இருமலக் கேட்டீங்கல்ல?”

“சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“சாமிகிட்டத்தான பண்ணுனீங்க? இப்ப அவர்கிட்டயே கேட்டுப் பாருங்களேன், என்ன செய்யன்னு.”

அப்பா கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது. நானும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூசையப்பர் நின்று நின்றுதான் இறங்கினார். நடுவில் ஒரு படியில் உட்கார்ந்துகூட விட்டார். இறங்கிச் சாலையோரம் நின்று, ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, மேலே பார்க்காமல் எதிர்மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிடுவதற்கு நிறைய நேரம் இருந்தது. டவுன் பஸ் வளைவில் ஹாரன் அடித்து, திரும்பி, நின்று, ஏற்றிக்கொண்டு போகிறவரை இருந்தது. பஸ் போன பிறகும் அப்பா ஜன்னலை விட்டு நகரவில்லை.

நான்தான் பசிக்குது என்றேன்.

அம்மா இலைகளை எடுக்கக் குனிந்தாள். பாலன் இலையை மடித்தாள், மாதா இலையை மடித்தாள். மூன்றாவதில் கை வைத்தபோது அப்பா வந்து அதன் முன்னால் உட்கார்ந்தார்.

“இருக்கட்டும். இதுலயே சாப்பிடுறேன்.”

“அது…” என்றாள் அம்மா.

“புதுசா எதுவும் போடாத.”

அவர் பிசைந்து வைத்துவிட்டுப் போன சோற்றை அப்பா சாப்பிட்டார். பிறர் குடித்த டம்ளரைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்கிறவர் அவர். இலையின் ஓரத்தில் ஒதுக்கியிருந்த கறிவேப்பிலையைக்கூட விடவில்லை. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

“ஏம்மா அப்பா எச்சி எலையில சாப்பிடுறாங்க?”

அம்மா சற்று யோசித்தாள். “சூசையப்பரு சாப்பிட்ட எலையில வீட்டுக்காரரு சாப்பிடணும். அதான் மொறை.”

“அப்ப நான் பாலன் எலையில சாப்பிடவா? பாயாசம் மிச்சம் இருக்கு.”

“வாய மூடிக்கிட்டு உக்காரு” என்றாள்.

ஐப்பசி மழையில் பாச்சலூரிலிருந்து ஓர் ஆள் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் நின்றே அப்பாவிடம் இரண்டு வார்த்தை சொன்னார். அப்பா குடையைக்கூட எடுக்காமல் அவரோடு கிளம்பிவிட்டார். வழியில் மண் சரிந்து பஸ் நின்றுபோயிற்று. மறுநாள் பொழுது சாய முழங்கால்வரை சகதியோடு திரும்பிவந்தவரிடம் அம்மா, “பாத்தீங்களா?” என்றாள்.

“குழிய மூடிட்டாங்க” என்றார் அப்பா.

நான் அம்மாவிடம் யார் செத்துப்போனது என்று கேட்டேன். “உங்க பெரியப்பா.” எந்தப் பெரியப்பா? “சூசையப்பரா வந்தாருல்ல, அவருதான் உங்க பெரியப்பா.” இதை நான் தலைகீழாக விளங்கிக்கொண்டேன். சூசையப்பர் எங்களுக்குப் பெரியப்பா முறை என்று பள்ளிக்கூடத்தில் போய்ப் பெருமையடித்துக்கொண்டேன். மறைக்கல்வி சிஸ்டர் என்னை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார். வீட்டில் வந்து சொன்னபோது யாரும் அந்த சிஸ்டரைத் திட்டவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை.

வேலை, கல்யாணம், மாற்றல் என்று வருடங்கள் ஓடிவிட்டன. அப்பா போய்ச் சேர்ந்தார். என் மகனுக்கு ஓர் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தபோது, படித்தவள் என்ற வெட்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நானும் சூசையப்பருக்கு விருந்து வைத்தேன். எல்லாம் முறைப்படி. மூவரும் ஆசீர்வதித்துவிட்டுப் போனதும் என் கணவரிடம், “அந்தப் பெரியவர் எலையில நீங்க உக்காருங்க” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அன்றைக்கு வந்திருந்த உபதேசியாரும், “அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்லையேம்மா” என்றார். எனக்குக் கோபம். முறை தெரியாத உபதேசியார் என்று முணுமுணுத்தேன். பிறகு, தொழில் புத்தி விடாதே, விசாரித்தேன். திண்டுக்கல்லில் கேட்டேன், மதுரையில் கேட்டேன், பள்ளங்கியில் தலைமுறை தலைமுறையாக இந்த விருந்து வைக்கிற ஒரு வீட்டில் போய்க் கேட்டேன். எங்குமே அப்படியொரு முறை கிடையாது.

அம்மா அப்போது இருந்தாள். தங்கையின் வீட்டில், கண் மங்கி, ஜெபமாலையும் கையுமாக. போய்க் கேட்டேன்.

“இல்லதான்” என்றாள்.

“பின்ன ஏம்மா அன்னைக்கு மொறைன்னு சொன்ன?”

“நீ நின்னு கேட்டுக்கிட்டே இருந்த. வேற என்ன சொல்றது?” என்றாள் அம்மா. “உங்கப்பா அழுதுக்கிட்டேல்ல சாப்பிட்டாரு. நீ எதிர்ல உக்காந்திருந்தியே, பாக்கலையா?”

பார்த்தேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராக வழிந்ததை, கை நிறையச் சோறோடு அவர் முழங்கையால் துடைத்துக்கொண்டதை, எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்குக் குழம்பில் காரம் கொஞ்சம் கூடிவிட்டது என்று நினைத்தேன்.